தொட்டா சொல்லுங்க

தலையில் விழுந்த தண்ணீர் நெற்றிக்கு இறங்கிய பிறகுதான் காசிமாயனுக்குத் தெரிந்தது. இன்னொரு செம்பு மொண்டு, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக ஊற்றினான். சத்தம் கேட்டது. பிடரி சில்லிட்டது. புருவத்தில் வழிந்து மூக்கு நுனியில் சொட்டியது. நடுவில், உச்சி இருக்கும் இடத்தில், எதுவும் நடக்கவில்லை. வேறு யார் தலையிலோ ஊற்றியது தெறித்துத் தன் மேல் பட்டதுபோல இருந்தது. செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நகத்தால் காதுக்கு மேலிருந்து உச்சியை நோக்கி அழுத்திக்கொண்டே போனான். வலி, வலி, மங்கலான வலி, பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடம் நேற்றைவிட இன்று காதுப்பக்கம் சற்று இறங்கியிருக்கிறதா என்பதுதான் ஒவ்வொரு காலையிலும் அவனுக்கு இருந்த கேள்வி. நேற்று எங்கே முடிந்தது என்று சரியாக நினைவில்லாததால், பதில் தினமும் ஆமாம் என்றே வந்தது.

மதுரையில் ஒரு கிளினிக்கில் முடி நட்டு இரண்டு மாதமாகியிருந்தது. பின்மண்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி, நாற்றுப் போல முன்னால் ஊன்றினார்கள். ஊன்றியது சில வாரத்தில் உதிர்ந்துவிடும், வேர் உள்ளே இருக்கும், பிறகு முளைத்து வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அப்படியே உதிர்ந்தது. மரத்துப்போயிருப்பதும் போகப்போகச் சரியாகும் என்றார்கள். உச்சியில் கருத்துக் கிடந்த ஒரு பொருக்கைப் பற்றி மட்டும் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மற்ற பொருக்கெல்லாம் கழுவக் கழுவ உதிர்ந்துபோயின. இது தாரைத் தடவிக் காயவிட்டதுபோல ஒட்டிக்கொண்டிருந்தது. போட்டோ எடுத்து அனுப்பினான். "நோண்டாதீங்க சார், தானா விழுந்துரும்" என்று ஒரு பெண் குரல் பதிவாக வந்தது. அடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டார்கள் என்று போன் காட்டியது, பதில் வரவில்லை. அதன்பிறகு கூப்பிட்டால் எடுக்கவில்லை. சின்ன வயதில் ஆஸ்பத்திரிச் சுவரில் தொழுநோய் பற்றி எழுத்துக்கூட்டி வாசித்த வரி ஒன்று, எங்கேயோ கிடந்தது, இப்போது எழுந்து வந்து தொல்லை செய்தது. உணர்ச்சியற்ற தேமல். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், தனியாக இருக்கும்போது கைவிரல்களை மடக்கி விரித்துப் பார்த்துக்கொள்வான்.

இத்தனைக்கும் காரணம் ஒரு போட்டோ. சிலமலையில் ஒரு பெண் இருக்கிறது என்று தரகர் சொன்னதும், அக்கா கலையரசி அவனிடம் கேட்காமலே அவனுடைய படம் ஒன்றைப் போடியில் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனாள். பின்னால் இருந்த சுவரை மாற்றித் தரச் சொன்னதாகத்தான் அவள் பேச்சு. ஸ்டுடியோக்காரர் சுவரை மாற்றிய கையோடு அவன் முன்மண்டையையும் நிரப்பிவிட்டார். படிய வாரிய அடர்ந்த முடி. "நல்லாத்தானடா இருக்க, இத ஏன் கெடுப்பானேன்?" என்று அக்கா அதையே கொடுத்தனுப்பினாள். பெண் வீட்டில் பிடித்துப்போனது. பார்க்க வருவதற்கு நாள் குறிக்கும் முன் அந்த வீட்டில் பெரியவர் ஒருவர் இறந்தார். எதுவானாலும் தை பிறக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் துட்டி மட்டும் விழாதிருந்தால் காசிமாயன் நேரில் போய் நின்றிருப்பான், அவர்கள் முகம் சுளித்திருப்பார்கள், அதோடு முடிந்திருக்கும். அவகாசம் கிடைத்ததுதான் வினையாகிவிட்டது. தைக்குள் அந்தப் போட்டோவில் இருக்கிறவனாக ஆகிவிடலாம் என்று நினைத்தான்.

அந்தப் பெண், கார்த்திகா, போடியில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தாள். இரண்டு வீட்டுக்கும் தெரிந்தே நம்பர் கைமாறியிருந்தது. அவள் குறைவாகப் பேசுவாள். பேச்சுக்கு நடுவே பெரிய மௌனம் விழும். அதற்குள் குக்கர் விசில் அடிக்கும், தெருவில் யாராவது யாரையாவது கூப்பிடுவார்கள், இருவரும் அதைக் கேட்டுக்கொண்டே போனைப் பிடித்திருப்பார்கள். வேறு யாரோடும் அவனால் அப்படிச் சும்மா இருக்க முடிந்ததில்லை. அதனாலேயே பயம் கூடியது. முகத்தைக் காட்டச் சொல்லி அவள் கேட்கும்போதெல்லாம் மலையில் டவர் இல்லை என்றான். அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்காகப் போடிக்கே இறங்காமல், போடிமெட்டுக்கு அந்தப்பக்கம், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரை ஒட்டி, சூப்பர்வைசரான தனக்குக் கொடுத்த அறையில் கிடந்தான்.

காயெடுக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு பால்சாமியின் ஜீப்பு மேலேறி வந்து நின்றது. முதலில் மொக்கம்மாள்தான் இறங்குவாள். இறங்கியதும் காசிமாயனின் தலையைப் பார்ப்பாள்.

"என்னப்பு, இன்னிக்கும் குல்லாவா? தாலி கட்டுறப்பயாச்சும் கழட்டுவியா?"

"தலையில நீர் கோத்திருக்குக்கா."

"ரெண்டு மாசமா கோத்த தண்ணிக்கு மோட்டாரு வச்சுல்லப்பு எறைக்கணும்!"

பெண்கள் சிரித்தார்கள். ஜீப்புக்குள்ளிருந்து பால்சாமி, "நீங்க வேற, அவரு உள்ள முட்ட வச்சு அடைகாக்குறாரு. குஞ்சு பொரிச்சதும் கழட்டுவாரு" என்றான். காசிமாயனும் சிரித்துவைத்தான். சிரிக்கும்போது நெற்றித் தோல் மேலே இழுபடுவது ஓர் எல்லைவரை தெரிந்து, அதற்கு அப்பால் காணாமல் போனது.

சாரல் விட்டுவிட்டுப் பெய்தது. ஏலச்செடிகள் ஆளுயரத்துக்கும் மேலாக வளர்ந்து, நடக்கிறவர்களின் தோளையும் தலையையும் ஈர இலைகளால் தடவிக்கொண்டிருந்தன. பெண்கள் தூருக்குத் தூர் குந்தி உட்கார்ந்து, தரையோடு படர்ந்த சரங்களில் முற்றிய காயை மட்டும் பார்த்துப் பறித்தார்கள். எல்லோர் காலிலும் அட்டைக்குப் பயந்து புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசியிருந்தது. அவனும் முழங்கால்வரை பூசியிருந்தான். அட்டை கடிப்பது இங்கே யாருக்குமே தெரியாது. அது ஊர்வதுதான் தெரியும். தோலில் குளிர்ச்சியாக ஒன்று சுருங்கி நீளும். அந்தக் கணத்தில் கை தானாகப் போய் அதைத் தட்டிவிடும். மலையில் வேலை செய்கிற எல்லோருக்கும் உடம்பு முழுக்க அந்தக் காவல் இருந்தது. தனக்கு ஓரிடத்தில் அந்தக் காவல் போய்விட்டது என்பதைக் காசிமாயன் ஏனோ யோசிக்கவே இல்லை. தலைக்குத்தான் குல்லா இருக்கிறதே என்று விட்டுவிட்டான்.

மொக்கம்மாளின் கூடையைப் பார்க்கக் குனிந்தபோது, பச்சைக் காயின் மேல் சிவப்பாக ஒரு சொட்டு விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. அவள் முதலில் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ஏப்பு, ஒன் மொகமெல்லாம் ரத்தம்."

புருவத்தைத் தொட்டான். கொஞ்ச நேரமாகவே அங்கே ஈரம் வழிவது தெரிந்திருந்தது. சாரல் என்று நினைத்துப் புறங்கையால் துடைத்துக்கொண்டே வந்திருக்கிறான். புறங்கை, சட்டைக் கை, எல்லாம் கறை.

"குல்லாவக் கழட்டு."

"வேணாம்க்கா. ஒண்ணுமில்ல."

"கழட்டுங்கிறேன்."

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவள் எழுந்து, அடம்பிடிக்கும் பிள்ளையிடமிருந்து பிடுங்குவதுபோல அதை உருவினாள். கம்பளி ஊறிக் கனத்திருந்தது. அக்கம்பக்கத்துத் தூர்களில் இருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அங்கங்கே சொட்டையும் குச்சியுமாய் நிற்கிற தலையைப் பார்த்து ஒருத்தியாவது ஏதாவது சொல்லிச் சிரித்திருந்தால் அவனுக்குத் தெம்பு வந்திருக்கும். வாயாடிப் பெண்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு பார்ப்பதில், தனக்குத் தெரியாத எதையோ அவர்கள் தன் தலையில் பார்த்துவிட்டார்கள் என்று தோன்றியது.

மொக்கம்மாள் அட்டைக்கு வைக்க இடுப்பில் செருகியிருந்த உப்பு முடிச்சை அவிழ்த்தாள்.

"உப்பு வைக்காதீங்கக்கா! முடி நட்டிருக்கேன்."

"என்னது நட்டிருக்க?"

"முடி."

அவள் உப்பைத் திரும்ப முடிந்துகொண்டாள். "உக்காரு. கொழப்பமில்ல, நகத்தாலயே எடுத்துர்றேன்" என்றாள். கொழப்பமில்ல என்பது மலையாளத்துக்காரர்களிடமிருந்து இங்கே எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்ட சொல். ஒன்றுமில்லாததற்கும் சொல்வார்கள், பெரிய ஆபத்துக்கும் சொல்வார்கள். அவன் ஈரத் தரையில் உட்கார்ந்து கண்ணை இறுக்கிக்கொண்டான்.

"எடுக்கிறப்பச் சொல்லுங்கக்கா."

சற்று நேரம் காத்திருந்தான். கண்ணைத் திறந்தபோது அவள் உள்ளங்கையை அவன் முகத்துக்கு நேராக நீட்டியிருந்தாள். திராட்சைபோலத் திரண்ட அட்டை அதில் கிடந்தது.

"எப்பவோ எடுத்துட்டேன்" என்றாள் மெதுவாக. தன் தலைத்துண்டை அவிழ்த்து அவன் தலையைச் சுற்றிக் கட்டினாள். "ஏலேய் பால்சாமி, போட்ட சோலியப் போட்டுட்டு வண்டிய எடு. ஆஸ்பத்திரிக்கு. வெரசா."

கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பு இறங்கியது. பால்சாமி ஹாரனை அடித்துக்கொண்டே ஓட்டினான். கீழே பள்ளத்தாக்கு மேகத்துக்குள் இருந்தது. துண்டு எவ்வளவு நனைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள அடிக்கடி கையால் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. கைக்குத் தெரிந்தது, தலைக்குத் தெரியவில்லை. அந்த இடம் தன்னுடையதாக இல்லாமல் போய் எவ்வளவு நாளாயிற்று, இன்னும் எதெல்லாம் அப்படிப் போகும், ஒருநாள் நெற்றி, பிறகு கண் இமை என்று மனம் இறங்கிக்கொண்டே போனது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. போனை எடுத்தான்.

"கார்த்திகா, கீழ வர்றேன்."

"டவர் கெடைச்சிருச்சா?"

"அந்தப் போட்டோவுல இருக்க முடி என் முடி இல்ல. ஸ்டுடியோவுல வச்சது."

வழக்கமான மௌனம். அதற்குள் பிள்ளைகள் கூட்டமாக எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதச் சொல்றதுக்குத்தான் இம்புட்டு நாளா டவர் இல்லாம இருந்துச்சா?"

"அதுக்கப்புறம் மதுரையில போயி நட்டேன். உச்சியில ஒரு எடம் செத்துப்போச்சு போல. தொட்டாத் தெரியல. அதான் ஆஸ்பத்திரிக்கு வர்றேன். எனக்கு…" அவன் நிறுத்தினான். "எனக்குப் பயமா இருக்கு."

"எந்த ஆஸ்பத்திரி?"

சொன்னான். அதற்குள் ஜீப்பு வளைவில் திரும்ப, இணைப்பு அறுந்தது. ஆஸ்பத்திரியின் பெயர் அவளுக்குக் கேட்டதா, கேட்டு என்ன செய்வாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. மறுபடி அழைக்கத் துணிச்சல் இல்லை.

அவள் வந்திருந்தாள். ஆஸ்பத்திரிக் கூடத்து பெஞ்சில், குடையையும் கைப்பையையும் மடியில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை அவன் மேல் பட்டு, நிற்காமல் கடந்து, வாசலில் பால்சாமியிடம் போனது. போட்டோவில் இருக்கிறவனைத் தேடுகிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. பிறகு அவள் பார்வை திரும்பி வந்தது. ரத்தம் ஊறிய துண்டைப் பார்த்தாள். அதன் கீழே இருந்த முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"டோக்கன் போட்டுட்டேன்" என்றாள். "வாங்க."

டாக்டர் நடுவயதுப் பெண். துண்டை அவிழ்த்து, பஞ்சால் துடைத்து, விளக்கை இழுத்து வைத்து நெடுநேரம் பார்த்தார். "இது எப்ப இருந்து கருப்பா இருக்கு?"

"நட்டதுல இருந்தே."

"செஞ்ச எடத்துல காட்டலையா?"

"போட்டோ அனுப்புனேன்."

கார்த்திகாவிடமிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. சிரிப்பா என்று தெரியவில்லை.

"அட்டை கடிச்சதப் பத்திக் கவலப்படாதீங்க. அது கடிச்சிருக்கிறது இந்தக் கருப்புக்கு ஓரத்துல. ரத்தம் ஓடுற எடமாப் பாத்துத்தான் கடிச்சிருக்கு. உள்ள எம்புட்டு தூரம் போயிருக்குன்னுதான் பாக்கணும். சுத்தம் பண்ணி எடுக்க வேண்டி வரலாம். அங்க மறுபடி முடி வருமான்னு இப்ப என்னால சொல்ல முடியாது." கையுறையை மாற்றிக்கொண்டே அவர் கார்த்திகாவைப் பார்த்தார். "நீங்க யாரு இவருக்கு?"

காசிமாயன் தரையைப் பார்த்தான்.

"இன்னும் முடிவாகல" என்றாள் கார்த்திகா. ஆனால் நாற்காலியைச் சற்று இழுத்து அவன் பக்கமாகப் போட்டுக்கொண்டாள்.

"எதுவரைக்கும் உணர்ச்சி இருக்குன்னு பாப்போம். கண்ண மூடிக்கங்க. ஊசியால லேசாத் தொடுவேன். தொட்டா சொல்லுங்க."

மூடிக்கொண்டான். வெளியே ஒரு பஸ்சு மூணாறு, மூணாறு என்று கூவி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. டாக்டர் இன்னும் ஊசியை எடுக்கவில்லை என்று நினைத்தான். உறையைப் பிரித்துக்கொண்டிருப்பார். பஸ்சு கிளம்பிப் போயிற்று. ஆரம்பித்துவிட்டாரோ, ஏற்கெனவே பல இடத்தில் குத்திப் பார்த்துவிட்டு, பதிலுக்காகக் காத்து நிற்கிறாரோ என்று தோன்றியது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்தான். தலைக்கு மேலே இருட்டாக ஒரு வெளி மட்டும் இருந்தது. அதிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை.

பக்கத்தில் கார்த்திகா பல்லிடுக்கில் சுருக்கென்று மூச்சை உள்ளே இழுத்தாள்.

"இப்ப" என்றான்.

டாக்டர் சரியென்றும் சொல்லவில்லை, தவறென்றும் சொல்லவில்லை. அந்த மூச்சு மெல்ல வெளியே போனது. காசிமாயன் கண்ணைத் திறக்காமல், அடுத்த ஊசிக்கு அது உள்ளே இழுபடுவதற்காக அவள் பக்கம் காதைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான்.