மடைத்தூணைச் சாய்த்த வருஷம்

மேற்குத் தூண் விழுந்தது அந்த மார்கழி மழையில். மூன்று நாள் விடாமல் பெய்து ஒத்தமடைக் கண்மாய் நிறைந்திருந்த நேரத்தில், மேலூர்க் கண்மாய் உடைந்து அந்த வெள்ளமும் வந்து மோதியது. கரை தாங்கிவிட்டது. மடை தாங்கவில்லை.

மடை என்பது கண்மாய்க்குள் கரையை ஒட்டி நிற்கும் இரண்டு கல்தூண். இரண்டுக்கும் குறுக்கே துளை போட்ட ஒரு கல். துளை வழியாக ஒரு மரக்கம்பு இறங்கும். கம்பின் அடியில் இருக்கும் அடைப்பு, தரைக்குள் புதைந்த கல்தொட்டியின் வாயை மூடும். கம்பைத் தூக்கினால் தண்ணீர் தொட்டிக்குள் விழுந்து, கரைக்கு அடியில் ஓடி வயலுக்குப் போகும். ஒரு தூண் சாய்ந்தாலும் கம்புக்குப் பிடிமானம் கிடையாது. அன்றைக்கு அடைப்பு பிய்த்துக்கொண்டு போனதில், நிறைந்த கண்மாய் எட்டே நாளில் முக்கால்வாசி வடிந்துவிட்டது.

மடையைத் திறந்து அடைப்பது ஆண்டிச்சாமியின் வேலை. அவனுடைய அப்பாவும் அதைத்தான் பார்த்தார். மடைக்கு நேர் கீழே ஒன்றரை ஏக்கரை, விளைச்சலில் பங்கு தருவதாக வாரத்துக்குப் பிடித்து நெல் போட்டிருந்தான். முழங்கால் சேற்றில் எட்டுப் பேர் இறங்கித் தூணை நிமிர்த்தி, அடியில் சிமெண்ட் போட்டு நட்டார்கள். மிச்சத் தண்ணீராவது நிற்கும் என்று நினைத்தான். நிற்கவில்லை. தூண் விழுந்த வேகத்தில் கீழே இருந்த கல்தொட்டியும் விரிசல் விட்டிருந்தது. புது அடைப்பு போட்டபடியே இருக்க, தண்ணீர் தன்பாட்டுக்குப் போனது. மாசியில் பால் பிடிக்கிற நேரத்தில் கண்மாய் காய்ந்தது. பதரை அறுத்து மாட்டுக்குப் போட்டான்.

"இந்த வருசமும் இப்பிடின்னா நிலத்த விட்டுருங்க" என்றாள் அவன் பெண்டாட்டி ஆவுடைத்தாய். "பாளையம்பட்டி மில்லுல வாட்ச்மேன் வேலை இருக்காம். அண்ணன் சொல்லி வச்சிருக்கு."

ஐம்பத்து நாலு வயசில் காக்கிச்சட்டை மாட்டிக்கொண்டு கேட்டருகில் உட்காருவதை ஆண்டிச்சாமியால் நினைக்க முடியவில்லை.

சித்திரையில் வீரபாண்டி ஒரு சேதி கொண்டுவந்தார். அந்த ஊரில் எட்டு ஏக்கரும் ஒரு போர்க்கிணறும் உள்ளவர் அவர்தான். மழை வெள்ளத்தில் சேதமான பழைய சின்னங்களைச் சீர் செய்ய அரசு நிதி கொடுக்கிறதாம். திருச்சுழியில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களாம். மேற்குத் தூணில் கல்வெட்டு இருந்தது. முன்பு ஒரு தடவை அருப்புக்கோட்டைக் காலேஜிலிருந்து வந்து மை தடவிக் காகிதத்தில் ஒற்றி எடுத்துப் போனார்கள். ஐந்நூறு வருஷம் இருக்கும் என்றார்கள். நிதி கிடைத்தால் தொட்டியைத் தோண்டி எடுத்து, பழைய முறைப்படியே கல் மாற்றி வைத்துவிடலாம்.

மனுக் கொடுத்த பத்தாம் நாள் அருண்பாண்டியன் என்ற சர்வேயர் பைக்கில் வந்தார். முப்பது வயசு இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றாமல் கரையில் நின்று பார்த்தார். சுண்ணாம்பும் காவியும் பட்டை பட்டையாகப் பூசி, உச்சியில் காய்ந்த வேப்பிலையோடு இரண்டு தூணும் நேராக நின்றன.

"சேதம் எங்க?"

"இதான் சார்" என்றார் வீரபாண்டி. "மேக்குத் தூணு விழுந்திருச்சு."

"நிக்குதே."

"நாங்கதான் நட்டோம்."

"யாரு நடச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. தை பிறந்தால் மடையில் பொங்கல் வைப்பது அந்த ஊர் வழக்கம். அந்தத் தூணைத்தான் சாமியாகக் கும்பிடுவார்கள். சாமி குப்புறக் கிடக்கும்போது எப்படிப் பொங்கல் வைப்பது? பொங்கலுக்கு முந்தின வாரமே நட்டு, வெள்ளையடித்து, மாலையும் போட்டுவிட்டார்கள்.

"கல்வெட்டு எங்க?"

"சுண்ணாம்புக்கு அடியில இருக்கு சார்."

அருண்பாண்டியன் ஹெல்மெட்டைக் கழற்றினார். "விழுந்து கிடந்தப்ப எடுத்த போட்டோவாவது இருக்கா?"

ஊரில் இருந்த செல்போனையெல்லாம் கொண்டுவந்து காட்டினார்கள். ரோட்டில் ஓடிய வெள்ளம் இருந்தது. ஓட்டு மேல் ஏறி நின்ற ஆடு இருந்தது. மீன் இருந்தது, எல்லார் போனிலும் மீன்தான். கீழே கிடந்த சாமியை யாரும் படம் எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவும் இல்லை. கடைசியில் இருளப்பசாமியின் போனில் ஒரு படம் சிக்கியது. அவன் விரால் மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறான். பின்னால் தண்ணீரில் கருப்பாக ஏதோ கிடந்தது.

"எருமை மாதிரில்ல இருக்கு" என்றார் அருண்பாண்டியன்.

"எருமை இல்ல சார், தூணு."

"நான் நம்புறேங்க. மேல இருக்கவங்க எருமைன்னுதான் எழுதுவாங்க."

போகும்போது ஆண்டிச்சாமியைத் தனியாகக் கூப்பிட்டார். "நான் சொன்னதா இருக்கக் கூடாது. கல்லு மழையில விழுந்தது உண்மைதான? அது எப்பிடிக் கிடந்துச்சோ அப்பிடிக் கிடந்தா நான் தேதியும் இடமும் விழுற மாதிரி போட்டோ எடுத்துருவேன். வேற வழி எனக்குத் தெரியல."

வைகாசியில் தூணைச் சாய்த்தார்கள். தான் குழைத்துப் போட்ட சிமெண்டைத் தானே உளி வைத்து இரண்டு நாள் கொத்தினான் ஆண்டிச்சாமி. நல்ல சிமெண்ட். மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஆவுடைத்தாய் தேங்காய் நாரால் சுண்ணாம்பைத் தேய்த்துக் கழுவினாள்.

"பொங்கலுக்குப் பூசுனதும் நாந்தேன். இப்ப சொரண்டுறதும் நாந்தேன்" என்றாள். "சாமிக்கே குழப்பமா இருக்கும்."

"பேசாமத் தேயி. எழுத்து தெரியணுமாம்."

கல் உடைந்துவிடாமல் லாரி டயர் ஆறேழு போட்டு அதன் மேல் இறக்கினார்கள். பிறகு டயர்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்தார்கள். அருண்பாண்டியன் வந்து பத்துப் பதினைந்து படம் எடுத்தார். நான்கு கம்பு ஊன்றிச் சிவப்பு வெள்ளை நாடாவைச் சுற்றிக் கட்டினார். மேலே இருந்து ஒரு குழு வந்து நேரில் பார்க்கும், அதுவரை யாரும் கல்லைத் தொடக் கூடாது என்றார்.

யாரும் தொடவில்லை. ஆனி போனது, ஆடி போனது. ஆடுகள் நாடாவைத் தின்றன. வீரபாண்டி ஆறு தடவை திருச்சுழிக்குப் பஸ் ஏறினார். ஃபைல் மதுரையில் இருக்கிறது என்றார்கள், பிறகு சென்னையில் இருக்கிறது என்றார்கள், பிறகு ஒரு கையெழுத்துக் குறைகிறது என்று திரும்பி வந்திருப்பதாகச் சொன்னார்கள். புரட்டாசியில் ஆண்டிச்சாமி காய்ந்த மண்ணை உழுது புழுதியிலேயே நெல்லை விதைத்தான். மழை விழுந்தால் முளைக்கும். அதன் பிறகு கண்மாய்த் தண்ணீர் வேண்டும்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை வீரபாண்டிக்குப் போன் வந்தது. அடுத்த வியாழக்கிழமை குழு வருகிறது. அன்றைக்கே எல்லார் போனிலும் இன்னொன்றும் வந்திருந்தது. திங்கள், செவ்வாயில் கனமழை.

ரேஷன் கடை வாசலில் கூடிப் பேசினார்கள்.

"அண்ணே, நாளைக் கழிச்சுத் தூணைத் தூக்கிருவோம்" என்றான் ஆண்டிச்சாமி.

வீரபாண்டி அவனை முறைத்தார். "ஒனக்கென்ன கிறுக்கா? ஆறு மாசம் காத்துக் கிடந்துட்டு, வார நேரத்துல தூக்கணுங்கிற?"

"மழை வருதுண்ணே."

"வியாழக்கெழமை வரைக்கும்ப்பா. ரெண்டு நாளு முன்னப்பின்ன. பொறுக்க மாட்டியா?"

"நான் பொறுப்பேன். மழை பொறுக்கணும்ல?"

"மணல் மூடையப் போட்டு அடை."

"போன வருசம் போட்டமே. மூடை தொட்டிக்குள்ள போயி சிக்கி, வயலுக்கே தண்ணி போகல. அத எடுக்க இருளப்பன் முங்குன முங்குல செத்திருப்பான்."

"பாதி செத்துட்டேன்" என்றான் இருளப்பசாமி.

"பணம் வந்தா தொட்டியே புதுசாயிரும்டா. நாலஞ்சு தலைமுறைக்கு நிக்கும். இந்த ஒரு வெள்ளாமைக்காக அதக் கெடுக்கணுமா?"

வீரபாண்டி சொன்னதில் பிசகு ஒன்றும் இல்லை. அதுதான் சங்கடம்.

"ஒங்களுக்குப் போர் இருக்குண்ணே. எனக்கு இந்த ஒரு வெள்ளாமைதான் இருக்கு. போன வருசம் கண்மாய நெறச்சது அந்த ஒரு மழைதான், அப்பறம் ஒரு பொட்டு விழல. இதயும் விட்டா நான் மில்லு வாசல்லதான் நிக்கணும். தொட்டி புதுசானா யாரு வந்து தொறப்பா, அடைப்பா?"

"மழை பெய்யாட்டி?"

"பெய்யாட்டி புதன்கெழமை சாய்ச்சுப் போட்டுறேன். பழகிருச்சு."

இரண்டு பேர் சிரித்தார்கள். வீரபாண்டி சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு ஆணும் ஐந்து பெண்ணும் கண்மாய்க்குள் இறங்கினார்கள். வீரபாண்டி வந்தார். ஆனால் கரையிலேயே பைக்கில் உட்கார்ந்துகொண்டார்.

"நான் எறங்க மாட்டேன். அவுக கேட்டா நான் ஊர்லயே இல்லன்னு சொல்லணும்." பைக்கின் பின்னால் கட்டியிருந்த டிராக்டர்ச் சங்கிலியை அவிழ்த்துக் கீழே போட்டார். "சங்கிலி என்னதுன்னும் சொல்லிராத."

கல்லுக்கடியில் கடப்பாரை கொடுத்து நெம்பி, நெம்பிய இடத்தில் கட்டையைச் செருகி, மறுபடி நெம்பினார்கள். ஒரு சாண் ஏற அரை மணி நேரம் ஆனது. இருளப்பசாமிக்கு இரண்டு வருஷமாகக் குடல் இறக்கம். பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததை எல்லாருக்கும் ஞாபகப்படுத்தினான்.

"ஏலே, நீ தூக்க வேணாம். கயித்தப் பிடி, வாய மூடு" என்றான் ஆண்டிச்சாமி.

பாதி எழுந்த நிலையில் சங்கிலி வழுக்கியது. பெண்கள் பிடித்திருந்த கயிறு மட்டும் தாங்கியது. ஆவுடைத்தாயின் உள்ளங்கைத் தோல் உரிந்தது. அவள் விடவில்லை. ஆண்டிச்சாமி தோளை முட்டுக் கொடுத்து நின்றான். பழைய கல்லின் குளிர்ச்சி சட்டை வழியாக இறங்கியது. இந்தக் கல்லின் எடை எந்தப் பக்கம் கூடுதல், எந்த இடத்தில் திரும்பும் என்பதெல்லாம் இப்போது அவனுக்கு மனப்பாடம். இன்னொரு தடவை தூக்கச் சொன்னால் முடியாது என்பதும் அவனுக்குத் தெரிந்தது.

மத்தியானத்துக்குள் தூண் குழியில் உட்கார்ந்தது. சிமெண்ட் போடவில்லை. கல்லுச் சில்லும் களிமண்ணும் இடித்து இறுக்கினார்கள். சுண்ணாம்பும் பூசவில்லை. குறுக்குக் கல்லை ஏற்றிக் கம்பை இறக்கினார்கள்.

திங்கட்கிழமை வெயில் அடித்தது. வீரபாண்டி அந்தப் பக்கமாக இரண்டு தடவை பைக்கில் போனார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிடித்த மழை வியாழக்கிழமை விடியும்வரை விடவில்லை. கண்மாய் பாதிக்கு மேல் ஏறியது.

பதினோரு மணிக்கு ஒரு கார் வந்தது. அருண்பாண்டியனோடு ஒரு அம்மாவும் கேமராக்காரர் ஒருவரும் இறங்கினார்கள். இடுப்பளவு தண்ணீரில் இரண்டு தூணும் நின்றன. அருண்பாண்டியன் அதைப் பார்த்தார். பிறகு ஆண்டிச்சாமியைப் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்னய்யா இது" என்றார் மெதுவாக. "இதுக்காக நான் எத்தன பேரு கிட்டப் பேசியிருக்கேன் தெரியுமா?"

"தெரியும் சார்."

"ரெண்டு நாளு பொறுத்திருக்கக் கூடாதா?"

"விதைச்சிருந்தேன் சார்."

அந்த அம்மா கையில் இருந்த காகிதத்தைப் புரட்டினார். "கல்தொட்டி உடைஞ்சிருக்குன்னு போட்டிருக்கே, அது எங்க?"

"தண்ணிக்குள்ள இருக்கும்மா."

"தண்ணிக்குள்ள இருக்கத நான் எப்படிப் பாக்குறது?"

"இன்னைக்குப் பாக்க முடியாதும்மா. பங்குனியில வந்தாத் தெரியும்."

"பங்குனிக்குள்ள இந்த நிதி முடிஞ்சிரும்." அவர் குரலில் சலிப்பு மட்டும்தான் இருந்தது. நாலு மணிக்கு அவர் வேறொரு இடத்தில் இருக்க வேண்டும். கேமராக்காரர் இரண்டு படம் எடுத்தார். நிற்கிற தூண், தண்ணீர், பின்னால் பச்சைக் கருவேலம். பார்க்க நன்றாகவே இருந்திருக்கும்.

அருண்பாண்டியன் ஒரு தாளை நீட்டினார். பார்வையிட்ட நாளில் கட்டுமானம் முழுமையாக, பயன்பாட்டில் உள்ளது என்று எழுதியிருந்தது. ஊர்க்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். வீரபாண்டி ஊரில் இல்லை. ஆண்டிச்சாமி ஈரக்கையை வேட்டியில் துடைத்துவிட்டுப் போட்டான்.

கார் போன பிறகு கரையைத் தாண்டி வயல்பக்கம் இறங்கிப் பார்த்தான். மடை அடைத்துத்தான் இருந்தது. ஆனாலும் வாய்க்காலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. விட்டால் இருபது நாள் தாங்கும். நெல் இன்னும் மூன்று மாசம் நிற்க வேண்டும்.

"வைக்கோலும் களிமண்ணும் எடுத்தா" என்று ஆவுடைத்தாயிடம் சொன்னான்.

இருளப்பசாமியும் வந்தான். வைக்கோலைப் பிரியாகத் திரித்து, நடுவில் களிமண் வைத்துச் சுருட்டினார்கள். ஆண்டிச்சாமி சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்மாய்க்குள் இறங்கினான். மூச்சைப் பிடித்து முங்கி, தொட்டியின் விரிசலைக் காலால் தேடிக் கையால் திணித்தான். தண்ணீர் இழுத்த இடமெல்லாம் திணித்தான். மேலே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"அண்ணன் போன் பண்ணுச்சு" என்றாள் ஆவுடைத்தாய், கரையில் நின்றபடி. உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தாள். "ஒண்ணாந்தேதி வந்துரச் சொல்றாக."

"மாசிக்குப் பெறகு பாப்போம்னு சொல்லு."

"அது வரைக்கும் வேலையப் பிடிச்சு வைப்பாகளா?"

"வைக்க மாட்டாக."

அவள் போனை எடுத்தாள், எடுத்துக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

"தினமும் இப்பிடி முங்கணுமா?"

"மூணு நாளைக்கு ஒருக்க. பிரி அழுகிரும்ல." அவன் கையை நீட்டினான். "இன்னொண்ணு தா. கெழக்க இன்னும் இழுக்குது."