முன்னோடிக்கு டிஸ்க்

தாமிரபரணி மிதிவண்டிக் கழகத்தில் உறுப்பினர்கள் ஏழு பேர். அதில் ஆறு பேர் நிர்வாகிகள். தலைவர், செயலாளர் என்று மற்றவர்கள் பங்குபோட்டுக்கொண்டபோது குமரகுருபரன் கேட்டு வாங்கியது 'முன்னோடி' என்ற பதவி. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பும்போது, ஆரஞ்சு நிறக் கையில்லாச் சட்டையும் கழுத்தில் விசிலுமாக எல்லோருக்கும் முன்னால் போகிறவர் முன்னோடி. ஆறு வருடமாக அவர்தான்.

அவர் ஓய்வு பெற்றது 'தாசில்தார் (பொறுப்பு)' ஆக. வீட்டு வாசலில் உள்ள பெயர்ப்பலகையில் அடைப்புக்குறிக்கு இடம் போதவில்லை என்று விட்டுவிட்டார். பலகை நாலடி நீளம்.

பதவி இல்லாத அந்த ஏழாவது ஆள் வெங்கட்ரமணன். வங்கி மேலாளராக ஊரூராகச் சுற்றிவிட்டுப் பாளையில் வந்து குடியேறியிருந்த சேரன்மகாதேவிக்காரர். பிறந்தநாளுக்கு மகள் வாங்கிக்கொடுத்த புது சைக்கிளில் வந்து கழகத்தில் சேர்ந்தார். முன்னாலும் பின்னாலும் டிஸ்க் பிரேக், சக்கர நடுவில் உள்ள இரும்புத் தட்டைக் கவ்வி நிறுத்துவது. வந்த அன்றைக்கே கழகம் மொத்தமும் அந்தச் சக்கரத்துக்கு முன் குனிந்தது. செயலாளர் சுந்தர் பிரேக்கை ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு, "தொட்டா நிக்குது வே" என்றார். குமரகுருபரன் மட்டும் மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மலை சைக்கிள் மகன் கல்லூரியில் படித்தபோது வாங்கியது. ரப்பர் கட்டை வந்து ரிம்மைக் கவ்வும் பழைய பிரேக். ஆறு வருடத்தில் அதன் முன்னால் யாரும் குனிந்ததில்லை, செயின் கழன்ற ஒரு நாளைத் தவிர.

ஆயுத பூஜைக்கு அடுத்த ஞாயிறு மணிமுத்தாறு போவது கழகத்தின் வழக்கம். இந்த வருடம் சுந்தர் வாட்ஸ்அப்பில் ஒரு யோசனை போட்டார். அணை மேட்டிலிருந்து இறங்குகிற ரோடு செங்குத்து. முன்னால் போகிறவர் வண்டி நன்றாக நின்றால்தான் பின்னால் வருகிறவர்களுக்குப் பாதுகாப்பு. ஆகவே டிஸ்க் உள்ள சார் முன்னோடியாகப் போகலாம், ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கவும். நாலு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். குமரகுருபரன் ஐந்தாவதாகத் தூக்கினார். இரவு முழுக்க அந்த விரல் வலித்தது. விடிந்ததும், தானும் டிஸ்க் போடப்போவதால் தீர்மானத்தை நிலுவையில் வைக்கும்படி எழுதினார். இரண்டு பேருக்கும் டிஸ்க் என்றால் சீனியாரிட்டிதான் என்று பதில் வந்தது. சீனியாரிட்டி என்ற சொல்லை அவர் மூன்று முறை வாசித்தார்.

அன்றைக்கு முழுவதும் போனில் டிஸ்க், டிஸ்க் என்று அவர் சத்தமாகப் பேசியதில், அடுத்த வீட்டு ராஜராஜேஸ்வரி ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து, முதுகுக்கு மதுரையில் ஆபரேஷனா, இங்கேயே பார்க்கிறார்களா என்று அவர் மனைவி பிரம்மநாயகியிடம் கேட்டாள். சைக்கிளுக்கு என்று சொன்ன பிறகு ஆப்பிளைத் திருப்பி வாங்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

முருகன்குறிச்சியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் இசக்கிமுருகன் வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "முன்னால போர்க்கயும் வீலயும் மாத்தினா டிஸ்க் வந்துரும் அண்ணாச்சி. பின்னால வராது. பிரேம்ல காது இல்ல."

"காதா?"

"தட்டக் கவ்வுத சாமான் வந்து உக்காரதுக்கு ஒரு காது வேணும்லா? புது வண்டில அவனே வச்சுருதான். இது பழசு."

"ஒட்ட வையும் வே."

"அலுமினியம் அண்ணாச்சி. சூடு வச்சா முறிஞ்சிரும். பொறவு நீங்க பாதி சேரன்மாதேவிலயும் பாதி மணிமுத்தாத்துலயும் கிடப்பிய."

குமரகுருபரன் யோசித்தார். வெங்கட்ரமணனுக்கு இரண்டு டிஸ்க். தனக்கு ஒன்று. ஒன்று என்றால் பாதி. பாதி என்றால் பொறுப்பு. பின் சக்கரத்தையும் மாற்றி, தட்டை மட்டும் மாட்டிவிடச் சொன்னார்.

"கவ்வ ஆளில்லாம தட்டு எதுக்கு அண்ணாச்சி? அது சும்மால்லா சுத்தும்."

"சுத்தட்டும்."

முப்பத்திரண்டு வருடம் அரசாங்கத்தில் இருந்தவருக்கு அதில் தவறு எதுவும் தெரியவில்லை. பழைய பின் பிரேக்கைக் கழற்றிவிடவும் சொன்னார். போட்டோவில் அசிங்கமாகத் தெரியுமாம். அதற்கு மட்டும் இசக்கிமுருகன் மசியவில்லை. கட்டையைக் கழற்ற வேண்டுமென்றால் வேறு கடை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் குமரகுருபரன் அதன் மேல் கறுப்பு டேப்பைச் சுற்றி மறைத்தார். தட்டில் எண்ணெய்க் கை படவே கூடாது என்று இசக்கிமுருகன் இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்ததால், பிரம்மநாயகியை வண்டிப் பக்கமே அவர் விடவில்லை.

ஆயுத பூஜையன்று சைக்கிள் நடு வீட்டுக்கு வந்தது. எலுமிச்சம்பழம், மாலை எல்லாம் ஆனது. எண்ணெய் படக் கூடாது என்றுதானே இசக்கிமுருகன் சொல்லியிருந்தார்? வீட்டில் தம்ளர், கதவு, மிக்சி வரைக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது. வந்த புதுச் சாமானுக்கு இல்லையென்றால் எப்படி? கடையில் வாங்கிய, அத்தர் மணக்கும் சந்தனத்தைக் குமரகுருபரன் குழைத்து இரண்டு தட்டிலும் சுற்றிச் சுற்றிப் பொட்டு வைத்தார். ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். போட்டோ எடுத்துக் கழகத்துக்கு அனுப்பினார். பத்தே நிமிடத்தில் வெங்கட்ரமணனும் ஒரு போட்டோ அனுப்பினார். அவருடைய தட்டுகளில் சந்தனம் இன்னும் கெட்டியாக இருந்தது. குமரகுருபரன் எழுந்து போய் இன்னொரு சுற்று வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுச் சட்டை அவர் மேல்தான் இருந்தது. முன் பிரேக்கைப் பிடித்தபோதெல்லாம் வண்டி 'கிரீச்' என்று கத்தியது. பின்னால் வெங்கட்ரமணன் வண்டியும் அதே சுருதியில் கத்தியதால், டிஸ்க் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று இருவருமே நினைத்துக்கொண்டார்கள். டிஸ்க்கில்லாத மற்றவர்கள், தங்களுக்குப் பிரேக்கே இல்லாததுபோல, அந்தச் சத்தத்துக்கு மரியாதையாக ஒதுங்கி வந்தார்கள். மணிமுத்தாறு வரை வயல்வெளிச் சாலை சமமாகக் கிடந்ததால் பிரேக்குக்குப் பெரிய வேலை இருக்கவில்லை.

வேலை வந்தது அணை மேட்டிலிருந்து இறங்கும்போது. முதல் வளைவுக்கு முன்னால் குமரகுருபரன் முன் பிரேக்கை அழுத்தினார். சத்தம் வந்தது, பிடி வரவில்லை. நாற்பது வயதில் தொலைந்த தெய்வ பயம் திரும்பி வந்ததில், பின் பிரேக்கையும் சேர்த்து இறுக்கினார். டேப்புக்குள்ளிருந்த பழைய கட்டை ரிம்மைக் கவ்வியது. வண்டி முனகிக்கொண்டே பைய வேகம் குறைந்தது.

அப்போது வலது பக்கமாக வெங்கட்ரமணன் போனார். இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி, கால்களை விரித்துக்கொண்டு, "நிக்கமாட்டேங்கறது சார், நிக்கமாட்டேங்கறது" என்று சாதாரணமாகத் தகவல் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே போனார். குமரகுருபரனுக்கு முதலில் தோன்றியது, முந்திவிட்டாரே என்பதுதான். முன்னோடியை முந்துவது கழக விதிக்கு விரோதம். விசிலை எடுத்து ஊதினார்.

வெங்கட்ரமணன் வளைவில் திரும்பாமல் நேராகப் போய் உடைமரப் புதரில் உட்கார்ந்தார்.

மறுநாள் இரண்டு வண்டிகளும் இசக்கிமுருகன் கடையில் நின்றன. அவர் தட்டைக் கவ்வும் தேய்கட்டைகளைக் கழற்றி மோந்து பார்த்தார். "ரெண்டுலயும் கோயில் மணம் அடிக்குது" என்றார். எண்ணெய் என்றுதானே சொன்னீர், சந்தனம் என்று சொல்லவில்லையே என்று குமரகுருபரன் கேட்டார். இசக்கிமுருகன் டேப்பைப் பிரித்துப் பழைய பிரேக்கைக் காட்டினார். "உங்கள நிப்பாட்டினது இதுதான். கழகத்துல சொல்லணும்னா இதச் சொல்லுங்க."

எப்படிச் சொல்வது? ரிம் பிரேக் நிறுத்தியது என்றால் பின் டிஸ்க் என்ன செய்தது என்று கேட்பார்கள்.

வெங்கட்ரமணனுக்கு முதுகில் டிஸ்க் விலகியிருப்பதாக டாக்டர் சொன்னார். கழகமே அவர் கட்டிலைச் சுற்றி நின்றது. யார் மேலும் மோதிவிடக் கூடாதென்று தானாகப் புதரில் பாய்ந்தவர் என்று சுந்தர் அதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்; வெங்கட்ரமணன் மறுக்கவில்லை. ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் குவிந்திருந்தன. பத்திரமாக நின்ற மனிதரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வெங்கட்ரமணனுக்கு டாக்டர் மாட்டிவிட்டிருந்த இடுப்புப் பட்டையைக் குமரகுருபரன் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல பட்டை. புதுசு.

மாலையில் தீர்மானம் வந்தது. நிரந்தர முன்னோடி: வெங்கட்ரமணன். அவர் குணமாகி வரும்வரை, முன்னோடி (பொறுப்பு): குமரகுருபரன்.

அடைப்புக்குறிக்கு வாட்ஸ்அப்பில் நிறைய இடம் இருந்தது.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார். ராஜராஜேஸ்வரி கொண்டுவந்த ஆப்பிளில் கடைசியை நறுக்கிக்கொண்டிருந்த பிரம்மநாயகியிடம், தனக்கும் டிஸ்க் போலத்தான் தெரிகிறது என்றார்.

"முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னாலதான்."

"அப்போ பயப்படாதீங்க" என்று அவள் ஒரு துண்டை நீட்டினாள். "அது சும்மா சுத்துதது."