கல்லோடு வந்த பூ

அக்காவைக் கட்டியவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். தங்கையைக் கட்டியவன் லிஃப்ட் மெக்கானிக். சகலைகள் இருவருக்கும் ஒரே சமயத்தில்தான் அந்தக் கிறுக்குப் பிடித்தது. ஒரே கடையில், மேஜை மேல் அடங்கிவிடும் ஒரே அளவுத் தொட்டியை வாங்கினார்கள். அதில் உப்புத் தண்ணீர் நிரப்பி, கடல் பாறைக்கல் அடுக்கி, வீட்டிலேயே பவளம் வளர்க்க வேண்டும்.

கண்ணாடிக் கடைக்காரர் இதைப் பற்றிப் படிக்காத கட்டுரை இல்லை, பார்க்காத வீடியோ இல்லை. பொறுமைதான் இல்லை. தண்ணீர் பக்குவப்படும்வரை காத்திருக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துவிட்டு, தானே அவசரப்பட்டு மீன்களை விட்டார். எல்லாம் செத்து மிதந்தன. "கடைக்காரன் சீக்கு மீனைத் தலையில கட்டிட்டான்" என்று மனைவியிடம் சொன்னார்.

சகலையோ வெறும் கல்லும் தண்ணீருமாகவே விட்டுவைத்திருந்தான்.

"என்ன தம்பி, கல்லை ஊற வெச்சிருக்கியா? எப்ப அரைக்கப் போறே?" என்று கேலி செய்தார்.

"பாக்கலாம்ண்ணே, அவசரமா என்ன?" என்று சிரித்தான் அவன்.

சில மாதத்தில் அந்தக் கல்லில் ஊதாவும் பச்சையுமாகப் பவளங்கள் விரிந்தன. கட்டைவிரல் நீளக் கோமாளி மீன் ஒன்று நடுவில் துள்ளித் திரிந்தது. "தங்கச்சி வீட்டுக்காரருக்கு என்ன கைராசி!" என்று மனைவி போகிற இடமெல்லாம் சொன்னாள். கண்ணாடிக் கடைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. வாடிக்கையாளர் ஒருவருக்கு வலது கண் பவரை இடது கண்ணுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு சகலை வீட்டுக்குப் போனபோது, தொட்டியில் ஏதாவது குறை தட்டுப்படாதா என்று குனிந்து குனிந்து பார்த்தார். கிடைத்தது. கல்லின் அடியில், பழுப்பு நிறத்தில் மெல்லிய இழைகளை விரித்துக்கொண்டு சின்னதாக ஒரு பூ.

"இது நான் வாங்கவே இல்லைண்ணே. கல்லோட ஓசில வந்துச்சு. அழகா இருக்குல்ல?" என்றான் சகலை.

அவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கடல் சாமந்தி என்கிற பூப் போன்ற பிராணியில் அது களை ஜாதி. ஒன்று பத்தாகும், பக்கத்திலிருக்கும் பவளத்தையெல்லாம் சுட்டுக் கருக்கிவிடும். சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மனைவி, "இவர் கையால வெச்சா ஓசில வந்ததுகூடப் பூக்குது பாருங்க" என்றாள். வந்த வார்த்தை அப்படியே உள்ளே போய்விட்டது.

"ரொம்ப அழகு, தம்பி. கொடுத்து வெச்சவன் நீ" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருக்கு உற்சாகமாக இருந்தது.

அடுத்த தடவை சகலை கையில் ஒரு டப்பாவோடு வந்தான். அதற்குள் தண்ணீரில் ஒரு துண்டுக் கல். அதன்மேல் மூன்று பழுப்புப் பூக்கள்.

"அன்னிக்கு அவ்வளவு ஆசையாப் பாத்தீங்களே. உங்க தொட்டி வெறிச்சுனு கிடக்கறது எனக்கு மனசே கேக்கலைண்ணே."

அவர் அப்போதுதான் மறுபடி ஆரம்பித்து, ஒரே ஒரு பச்சைப் பவளம் வைத்திருந்தார்.

"வாங்கிக்கோங்களேன், ஏன் முழிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். தன் கையாலேயே அதைத் தொட்டிக்குள் இறக்கினார். சகலை நெடுநேரம் பேசிவிட்டுக் கிளம்பியதும் கல்லை வெளியே எடுத்தபோது, பூக்கள் மூன்றும் ஏற்கெனவே நழுவித் தொட்டியின் பெரிய பாறையில் ஒட்டியிருந்தன. இடுக்கியால் பிய்த்தார். பிய்ந்த ஒவ்வொரு துணுக்கும் புதிதாக ஒரு பூவாயிற்று.

சில வாரம் கழித்துச் சகலை வேலைச் சீருடையோடு, கிரீஸ் கையோடு ஓடிவந்தான்.

"தப்பு பண்ணிட்டேன்ண்ணே! அது பூ இல்லையாம், எமனாம். கடைக்காரர் இப்பதான் சொன்னார். என் பவளத்துல பாதி போச்சு."

கையைக் கழுவிக்கொண்டு, அவற்றைக் கொல்ல எலுமிச்சைச் சாறு நிரப்பிய ஊசியால் ஒவ்வொரு பூவின் வாயிலும் நிதானமாக ஏற்ற ஆரம்பித்தான். கண்ணாடிக் கடைக்காரர் பக்கத்தில் டார்ச் பிடித்தார்.

"முதல்ல உன்னுதைப் பாத்திருக்கலாமே, தம்பி?"

"உங்களுக்குக் கொடுத்தது நான்தானே?"

அந்த வார்த்தையைக் கேட்டபோது, பவளத்தைப் பார்த்துப் பட்டதைவிட அதிகப் பொறாமை அவருக்கு வந்தது. இவனால் மட்டும் எப்படி இப்படி இருக்க முடிகிறது?

"எனக்குத் தெரியும், தம்பி."

"வீடியோல பாத்தீங்களா?"

"இல்ல. அன்னிக்கு உன் வீட்டுலயே தெரியும்."

ஊசி நின்றது. "அப்புறம் ஏன்ண்ணே சொல்லலை?"

"உன் தொட்டி நல்லா இருந்துச்சு."

சகலை மிச்சமிருந்த பூக்களுக்கும் ஊசி போட்டு முடித்தான். காபி கொண்டுவந்த மனைவி எல்லாவற்றையும் கேட்டபடி வாசற்படியிலேயே நின்றாள். அவன் காபியைத் தொடாமல் போனான். அவள் அன்று முழுக்கக் கணவரிடம் பேசவில்லை.

அதற்குப் பிறகு சகலையும் தங்கையும் அந்தப் பக்கம் வரவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் தன் பச்சைப் பவளத்திலிருந்து ஒரு துண்டு நறுக்கி, தானே எடுத்துக்கொண்டு சகலை வீட்டுக்குப் போனார். அவன் கதவைத் திறந்தான். டப்பாவை வாங்கி, வெளிச்சத்தில் நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். அந்தச் சோதனை முடியும்வரை நின்றுதானே ஆக வேண்டும்?

பாதி கருகிய பிறகும் அந்தத் தொட்டி அவருடையதைவிட அழகாகத்தான் இருந்தது.

"இப்பவும் வயிறு எரியுது, தம்பி" என்றார்.

உள்ளேயிருந்து தங்கை சிரித்துவிட்டாள். சகலை சிரிக்கவில்லை. பவளத்தைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, "உள்ள வந்து உக்காருங்க" என்றான்.