பதினோராவது செவ்வாய்

நாரந்தனைக் கரையில் நண்டு வாங்குகிற வாடியில், தராசுக்குப் பின்னால் நிற்பவள் நான். சேறும் மணலுமாக நண்டைக் கொண்டுவந்து நிறையை ஏற்றப் பார்க்கிற அண்ணைமார் எல்லோருக்கும் என் வாயைப் பற்றித் தெரியும். “நிமலினி நிக்கிறாளோ, அப்ப கழுவிக்கொண்டு போவம்” என்று கரையிலேயே பேசிக்கொள்வார்களாம். எனக்கு அது பெருமைதான். தராசில் வைத்துப் பார்க்காமல் யார் சொல்வதையும் நான் நம்புவதில்லை.

அப்படிப்பட்ட எனக்கு மூன்று தடவை வயிற்றில் பிள்ளை தங்காமல் போனது. ஒவ்வொரு தடவையும் ஊர் ஒவ்வொரு காரணத்தைக் கண்டுபிடித்தது. முதல் தடவை நான் வாடியில் பாரம் தூக்கினேனாம். இரண்டாம் தடவை பாரம் தூக்கவில்லை, பஸ்ஸில் குலுங்கிப் போனதுதான் பிழையாம். மூன்றாம் தடவை நான் பாயை விட்டே எழும்பவில்லை. அதற்குக் கண்ணூறு என்றார்கள். கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஆத்திரம்தான் கூட.

காரணம் சொல்லாத ஒரே ஆள் எங்கள் பகுதி மருத்துவமாது கோசலா மிஸ். வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்து, தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு நேராகச் சொன்னார்.

“ஏனெண்டு எனக்குத் தெரியாது நிமலினி. தெரியாததை நான் சொல்லக்கூடாது. ஆனா மூண்டு தரம் நடந்தால் பாக்கத்தான் வேணும். யாழ்ப்பாணத்திலை கிளினிக்குக்கு நாள் எடுத்துத் தாறன். உம்மடை ரத்தமும் பாப்பினம், உம்மடை மனுசன்ரை ரத்தமும் பாப்பினம். எல்லாம் பாத்தும் ஒண்டும் பிடிபடாமலும் போகலாம். அதையும் இப்பவே சொல்லிப்போடுறன்.”

தெரியாது என்று ஒருவர் வாயால் கேட்க எவ்வளவு ஆறுதலாக இருந்தது! அந்த நிமிடமே போவதென்று முடிவெடுத்துவிட்டேன். கிடைத்த நாள் செவ்வாய்க்கிழமை. அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

மூன்றாவது பிள்ளையும் போன பிறகு, என் மாமி மரியநாயகி அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்திருந்தார். பதின்மூன்று செவ்வாய்க்கிழமை, இடையில் ஒன்றையும் விடாமல், நான் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தி முழந்தாளில் நின்று செபிக்க வேண்டும். நேர்த்தி அவருடையது, முழந்தாள் என்னுடையது. முணுமுணுத்துக்கொண்டென்றாலும் பத்துச் செவ்வாயை முடித்திருந்தேன். கிளினிக் நாள் வந்து விழுந்தது பதினோராவதில்.

“பதினோராவதை விட்டால் பத்தும் பாழ்,” என்றார் மாமி. குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவே இல்லை. “இன்னும் மூண்டு கிழமைதானே. அது முடிய எங்கையெண்டாலும் போ.”

“விட்டால் பிறகு நாள் எடுக்க ரண்டு மாசம் செல்லுமாம் மாமி. அந்தோனியார் துலைஞ்சதைத் தேடித் தாறவரெல்லோ? நான் தேடிப் போறனெண்டால் அவர் ஏன் குறுக்கை நிக்கப் போறார்?”

“அவரோடை பகிடி விடாதை.”

“பகிடியில்லை மாமி. உண்மையாத்தான் கேக்கிறன்.”

மாமி அடுத்த மீனை எடுத்து வெட்டத் தொடங்கினார். என் மனுசன் றெக்ஷன்தான் குசினி வாசலில் நின்றுகொண்டு, “அம்மா சொல்லுறதும் சரிதானே, பொறுத்துப் போவமே,” என்றார்.

எனக்குத் திகைப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலேயே கடைசி வாங்கில் இருந்து, பிரசங்கம் தொடங்கியதும் மெல்ல வெளியே போய் மற்ற ஆண்களோடு கடல் கதைக்கிற மனிதர் இவர். நேர்த்தியில் இவ்வளவு பக்தி எப்போது வந்தது? இந்த நிறையில் எங்கேயோ ஈரமணல் ஒட்டியிருக்கிறது என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. ஊர்க் கதைக்குப் பயப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆம்பிளையையும் ரத்தம் குடுக்கச் சொன்னார்களாம் என்று கடற்கரையில் நாலு பேர் சிரித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

திங்கட்கிழமை பின்னேரம் அவர் வேலிக்கரையில் இருந்து நண்டுவலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். நானும் போய் வலையின் மற்றத் தலைப்பை மடியில் போட்டுக்கொண்டு இருந்தேன்.

“இஞ்சேருங்கோ, போன மாசம் இந்த வலை மூண்டு தரம் கிழிஞ்சதெல்லோ. என்ன செய்தனீங்கள்?”

“கடலுக்குள்ளை இறங்கிப் பாத்தனான்.”

“ஏன், நேர்த்தி வைக்கேல்லையோ?”

அவர் சிரிக்கவில்லை. “ஒரே இடத்திலை கிழிஞ்சால் கீழை ஏதோ கிடக்குதெண்டுதானே. பாக்காமல் திரும்பத் திரும்ப வலையைப் போட்டால் விசரெண்டெல்லோ சொல்லுவினம்.”

“என்ன கிடந்தது?”

“உமக்குத் தெரியுந்தானே. தாண்டுபோன வள்ளத்தின்ரை இரும்பு.”

“ஒரு வலைக்காக மூச்சைப் பிடிச்சுக்கொண்டு அடிக்கடலுக்கு இறங்கின மனிசன், எனக்காக ஒரு பஸ்ஸிலை ஏறமாட்டியளோ?”

சத்தமாகத்தான் கேட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டாலும் கேட்கட்டும் என்றுதான் கேட்டேன். அவருடைய கை அப்படியே நின்றுவிட்டது.

“இரும்பெண்டால் கயிறு கட்டி இழுக்கலாம் நிமலினி,” என்றார் கடைசியில். “எடுக்க ஏலாத சாமான் கிடந்தால்? அதுவும் என்ரை பக்கத்திலை கிடந்தால்? இவ்வளவு நாளும் ஊர் உம்மைத்தானே கதைச்சது. காரணம் நான்தானெண்டு தெரிஞ்சால் பிறகு நீர் என்னை எப்பிடிப் பாப்பீர்?”

நான் நிறுத்த நிறை பிழையாகிப்போயிற்று. அவருக்கு ஊரைப் பற்றிப் பயமில்லை, என் கண்ணைப் பற்றித்தான் பயம். எனக்கு அவரில் பாவமாக இருந்தது. இதை இவ்வளவு நாளும் சொல்லாமல் வைத்திருந்ததற்கு ஒரு அடி போடலாம் போலவும் இருந்தது.

“இப்ப பாக்கிற மாதிரித்தான் பாப்பன். கோவமா.”

அவர் தன்னை அறியாமல் சிரித்துவிட்டார்.

“எடுக்க ஏலாட்டி, கிடக்குதெண்டு தெரிஞ்சுகொண்டு வேறை வழி பாப்பம்,” என்றேன். “உங்கடை பக்கமெண்டாலும் சரி, என்ரை பக்கமெண்டாலும் சரி. ஒண்டுமே இல்லையெண்டு சொன்னாலும் சரி. ஆனா என்னெண்டு தெரியாமல் நாலாந்தரமும் என்னாலை ஏலாது. அது மட்டும் ஏலாதப்பா.”

அவர் நூலை எடுத்து அடுத்த கிழிசலைப் பொத்தத் தொடங்கினார். நான் எழுந்து சீலையைத் தட்டினேன்.

“நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு நான் போறன். வாறதெண்டால் வாங்கோ.”

காலையில் கண் விழித்தபோது அவர் வீட்டில் இல்லை. கடலுக்குத்தான் போய்விட்டார் என்று நினைத்தேன். மனம் கனத்தது, ஆனால் கால் பின்வாங்கவில்லை. முகத்தைக் கழுவி, நல்ல சீலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு வெளியே வந்தால், மாமி கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சீலையோடு முற்றத்தில் நிற்கிறார். கையில் மெழுகுதிரி.

“நேற்று நீ கத்தினது கோயிலடிக்கும் கேட்டிருக்கும்,” என்றார். “இண்டைக்கு உன்ரை இடத்திலை நான் முழந்தாளிலை நிக்கிறன். நேர்த்தி வைச்சது நான்தானே.”

“உங்களுக்கு முழங்கால் நோவெல்லோ மாமி?”

“அது எனக்கும் அந்தோனியாருக்கும் உள்ள கதை. பஸ் வரப்போகுது, நட.”

கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. மாமி அதற்கெல்லாம் இடம் கொடுக்கிறவர் இல்லை. படலையைத் திறந்துவிட்டு எனக்கு முன்னால் நொண்டி நொண்டி நடந்தார்.

பஸ் நிற்கிற இடத்தில் றெக்ஷன் நின்றார். கலியாண வீடுகளுக்குப் போடுகிற சேட்டு. தலை எண்ணெய் வைத்து வாரியிருந்தது. பெண் பார்க்க வந்த அன்றுகூட இவ்வளவு வடிவாக வரவில்லை என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. புளியங்கூடல், சரவணை, வேலணை எல்லாம் தாண்டினோம். பண்ணைப் பாலத்தில் பஸ் ஏறியதும் என் காதுக்குள் மெல்லக் கேட்டார்.

“ஊசி பெரிசோ?”

திருக்கையை வெறுங்கையால் வலையிலிருந்து கழற்றுகிற மனிதர் கேட்கிற கேள்வி! “சின்னன்தான்,” என்றேன். நான் சிரித்த சிரிப்பில் முன் சீற்றில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கிளினிக்கில் ஒரு நேர்ஸ் பிள்ளை எங்களை இருத்திவைத்து ஒவ்வொன்றாக விசாரித்தது. வயது, வேறு வருத்தங்கள், குடும்பத்தில் யாருக்கும் இப்படி நடந்ததா என்பதெல்லாம் கேட்டுவிட்டு, “எத்தினை பிள்ளையள்?” என்றது.

ஒருத்தரும் இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். இத்தனை வருடமும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

“மூண்டு,” என்றார் றெக்ஷன்.

நேர்ஸ் நிமிர்ந்து பார்த்தது.

“மூண்டு பேர் வந்தவை தங்கச்சி. ஒருத்தரும் நிக்கேல்லை.”

“எப்பெப்ப எண்டு சொல்லுவியளோ?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “முதல் பிள்ளை, சோளகக்காத்து முடிஞ்சு வாடை தொடங்கேக்கை. ரண்டாவது, அடுத்த சோளகம் பேய்க்காத்தா அடிச்ச கிழமை. கடைசிப் பிள்ளை இந்த மாசிப் பனியிலை. விடியப்புறம். அதுக்கு அப்ப வயித்திலை நாலு மாசம்.”

“காத்தை எழுத ஏலாது அண்ணை,” என்றது நேர்ஸ். குரலில் கேலி இல்லை. “மாசத்தைச் சொல்லுங்கோ.”

மாதத்தை நான் சொன்னேன். அவர் காற்றைச் சொல்ல நான் மாதத்தைச் சொல்ல, மூன்று பிள்ளைகளும் எழுதப்பட்டார்கள். அந்த மூவரையும் நான் ஒருத்திதான் மனதில் சுமந்துகொண்டு திரிகிறேன் என்று நினைத்திருந்தேன். அவர் கடலில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. கண்ணால் ஓடியதை நான் துடைக்கவில்லை.

ரத்தம் எடுக்கிற அறையில், “ஆர் முதல்?” என்று கேட்டார்கள்.

“என்ரையை எடுங்கோ,” என்று றெக்ஷன் சேட்டுக் கையை மடித்துவிட்டார். பிறகு முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டு கையை நீட்டினார்.