முழுகாத முனி

ஏகாம்பரம் ஏரியில் எறிந்த வெண்கல முனி முழுகவில்லை. சம்மணம் போட்ட வாக்கிலேயே தண்ணீர்மேல் உட்கார்ந்துகொண்டது. முத்தாபுதுப்பேட்டைக்காரர்கள் கரையில் நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். தண்ணீர் லாரி வந்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். வீட்டுக்கு வீடு காய்ச்சல் படுத்திருந்த நேரம். வெண்கலம் மிதந்தால் என்ன, மிதக்காவிட்டால் என்ன?

அது முனியே இல்லை என்பது வேறு விஷயம். ஏகாம்பரம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பிரஸ் ஓட்டுகிறவன். அங்கே ஜப்பானிலிருந்து வந்து சில வருஷம் மேற்பார்வை பார்த்த கவானோ, தமிழை மெஷின் சத்தத்துக்கு நடுவே கற்றவர். ஆகவே அசல் மெட்ராஸ் பாஷைதான் பேசுவார். ஊர் திரும்பும்போது ஒரு சிலையை ஏகாம்பரத்திடம் கொடுத்து, "இவுரு ஷாக்கா முனி. ஊட்ல வெச்சுக்கோ," என்றார். புத்தருக்கு அவர்கள் ஊரில் அப்படிப் பெயர். ஏகாம்பரத்தின் காதில் பின்பாதிதான் விழுந்தது. "முனியா சார்? எங்க குலசாமியே முனிதான் சார்!" என்று அழுதேவிட்டான். ஷேர் ஆட்டோ ஒரு பக்கம் சாயும் கனம் அது. கண்ணை மூடிக்கொண்டு, மீசைகூட இல்லாமல் உட்கார்ந்திருக்கிற முனியை எவனாவது பார்த்திருக்கிறானா? ஜப்பான் முனி அப்படித்தான் இருக்கும் என்று அவன் பெண்டாட்டி சுலோசனா முடித்துவிட்டாள்.

முனிக்கு உண்டான முறையைச் செய்தார்கள். சுருட்டு பற்றவைத்தால் அணைந்தது. படைத்த குவார்ட்டர் பச்சைத் தண்ணீரானது. தெரு ஆம்பிளைகள் வரிசையாக ருசி பார்த்துவிட்டுக் காறித் துப்பினார்கள். சேவலின் கழுத்தில் வைத்த கத்தி வாழைத்தண்டாகத் துவண்டது. அந்தச் சேவல் இன்றைக்கும் கூவிக்கொண்டுதான் இருக்கிறது. மகள் பவ்யாவுக்குப் பதினோரு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சிலைக்கு எதிரே அதேபோல சம்மணம் போட்டுக்கொள்வாள். "இதுக்கு ஒண்ணும் வேணாம் நைனா, கூட குந்திகினா போதும்," என்பாள்.

மழை விட்டதும் காய்ச்சல் வந்தது. கொசு என்று சொல்லி அதிகாரிகள் புகை போட்டார்கள். காய்ச்சல்காரர்கள் கையில் வாங்கிய டம்ளரில் தண்ணீர் கொதித்தது, படுத்த பாய் கருகியது; அதற்கு அவர்களிடம் புகை இல்லை. பொன்னியம்மன் கோயில் பூசாரி பூபாலன் தெருவில் நின்று கத்தினான். "ஆத்தா கீற ஊர்ல அசலூர் சாமிய இட்டாந்து குந்த வெச்சா, அவ சும்மா இருப்பாளா?" அந்த வாரமே பவ்யாவும் படுத்தாள்.

ஏகாம்பரம் கவானோவுக்குப் போன் போட்டான். "சார், உங்க முனி இன்னா சார் இப்டி பண்ணுது? எம் பொண்ணு நெருப்பா கொதிக்கறா சார்."

"எங்க ஊர்லயும் இதே மாரி நடந்துச்சுப்பா," என்றார் அவர். "ஆயிரத்தஞ்சூறு வருசம் முன்னாடி, கடலுக்கு அந்தாண்ட கொரியா ராசா இவர அனுப்ச்சாரு. வெச்சுக்கலாமா வேணாமான்னு எங்க ராசாவுக்கே கொயப்பம். ஒரு பெரிய மனுசன், நான் ஊட்ல வெச்சுக்கறேன்னு எடுத்துகினு போனாரு. அப்பறம் ஊர் பூரா ஜொரம். எங்க சாமிங்களுக்குக் கோவம்னு சொல்லி இவர தூக்கிக் கால்வாய்ல போட்டாங்க..."

அவ்வளவுதான், போனை வைத்துவிட்டான். அடப்பாவி, மிச்சத்தையும் கேட்டிருக்கக் கூடாதா! வைத்தியம் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிட்டான். பெற்ற வயிறு எரியும்போது யாருக்குப் பொறுமை இருக்கும்? சிலையைத் தூக்கப் போனபோது பவ்யா அதன் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "ஏரித் தண்ணி சில்லுனு இருக்கும் நைனா, வேணாம் நைனா." அவள் விரல்களைப் பிரித்து எடுத்தான். அந்தச் சூட்டில் அவன் கை கொப்புளித்தது. பூபாலன் பம்பை அடித்துக்கொண்டு கூடவே போனான்.

சிலை மிதந்தது. காய்ச்சல் நிற்கவில்லை. பவ்யா செத்துப்போனாள். அவளைப் புதைத்த ஈரம் காய்வதற்குள் பூபாலனின் ஒரே பையனும் போனான். காற்றும் மேகமும் இல்லாத ஒரு மத்தியானத்தில் பொன்னியம்மன் கோயில் கூரை தானாக எரிந்தது, யாரும் அணைக்கப் போகவில்லை.

காரியம் முடிந்த பிறகு கவானோ கூப்பிட்டார். ஏகாம்பரம் விஷயத்தைச் சொன்னான். "கால்வாய்ல போட்ட அப்பறமும் ஜொரம் நிக்கலப்பா. அத்தத்தான் சொல்ல வந்தேன், நீ வெச்சுட்ட," என்றார்.

"சரி சார். அப்பறம் இன்னா பண்ணாங்க?"

"ஒரு ஏழ அந்தப் பக்கம் போனான். தண்ணில இருந்து அவன் பேர சொல்லிக் கூப்ட்டுச்சாம். முதுவுல தூக்கினு ஊட்டுக்குப் போயிட்டான்."

மறுநாள் ஷிப்டு முடிந்து ஏரிக்கரையோடு நடந்து வரும்போது, "நைனா," என்று தண்ணீரிலிருந்து கூப்பிட்டது. பவ்யா குரல்தான், பெற்றவனுக்குத் தெரியாதா? செருப்பைக்கூடக் கழற்றாமல் இறங்கினான். ஆட்டோவைச் சாய்த்த சிலை, முதுகில் ஏறிக்கொண்டதும் பதினோரு வயதுப் பெண்ணின் கனம்தான் இருந்தது. தெருவில் ஒருவரும் தடுக்கவில்லை. எரிந்த கோயில் வாசலில் குந்தியிருந்த பூபாலன் எழுந்து வழிவிட்டான். "தண்ணில இருந்து எம் பொண்ணு கூப்ட்டாப்பா," என்று ஏகாம்பரம் அவனிடம் சொன்னான்.

"அண்ணாத்தே, எங்க பையன் எதனா சொன்னானா?"

"இல்லப்பா. நாளிக்கி ஏரியாண்ட போய் நில்லு," என்றான் ஏகாம்பரம்.

வீட்டில் சிலை சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்ததைச் சுலோசனா பார்த்தாள். கொடியில் கிடந்த துண்டை உருவிப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"அதுக்குத் தலைய நல்லா தொவட்டுய்யா," என்றாள். "மறுபடியும் ஜொரம் வந்துறப் போவுது."