இடது பின்சக்கரம்

விடிந்தால் கம்பத்தில் என் அக்கா பின்சிக்குக் கல்யாணம். மலைமேல் இருக்கும் ஆனைக்கரையிலிருந்து மணப்பெண் போகப்போவது அப்பாவின் பழைய அம்பாசிடரில். ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டார், ரிப்பனும் கட்டியாயிற்று. பிரேக் மட்டும்தான் சரியில்லை. மற்றபடி வண்டி பிரமாதம்.

"அக்கா, தூங்கிட்டியா?"

"கையில மருதாணியோட எப்பிடித் தூங்க? சொல்லு ஜின்சி."

சொன்னேன். பின் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று நேற்று அப்பா இரண்டு பின்சக்கரங்களையும் ஒன்றாகத் திறந்தார். உள்ளே சக்கரத்தை உரசி நிறுத்தும் பட்டை ஒட்டிய நான்கு பிரேக் ஷூக்களையும் ஒரே பக்கெட்டில் போட்டுக் கழுவினார்.

"எது எங்க இருந்துச்சுன்னு பாத்துக்கிட்டீங்களாப்பா?"

"ஏட்டி, முப்பது வருஷமா எஸ்டேட் ஜீப்பு ஓட்டுறேன்."

ஓட்டியது உண்மை. கழற்றியது இதுதான் முதல் தடவை.

வலது சக்கரத்தை அவர் மாட்டினார், இடதை நான். ஓட்டிப் பார்த்தபோது, பிரேக்கை மிதித்தால் வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமாக வெட்டியது. "இறக்கத்துல போகப் போகப் பழகிரும்," என்றார் அப்பா. பழக்கிக்கொடுக்க குமுளி மலைப்பாதையில் வளைவுகளுக்கா பஞ்சம்? "நீ மாட்டுனது சரிதான?" என்று கேட்டார். பயத்தில் தலையாட்டிவிட்டேன்.

"இப்ப எதுக்குச் சொல்ற?" என்றாள் அக்கா.

போனை நீட்டினேன். ஷூக்களைக் கழற்றும் முன் அப்பா மெக்கானிக் மாதிரி நின்று எடுக்கச்சொன்ன படம். மீசைக்குக் கீழே, திறந்து கிடந்த இடது சக்கரம். பட்டை நீளமான ஷூ முன்பக்கம் இருந்தது. நான் பின்பக்கம் மாட்டியிருந்தேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. "ஜாக்கி எங்க?" என்றாள்.

அவள் டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்க, நான் போனைப் பார்த்துப் பார்த்து ஷூக்களை இடம் மாற்றினேன். ஸ்பிரிங் இரண்டு தடவை தெறித்தது. சத்தத்தில் அப்பா வந்துவிட்டார்.

"யாரைக் கேட்டுக் கழட்டுனீங்க?"

"நான் தப்பா மாட்டிட்டேன்ப்பா. சரின்னு பொய் சொன்னேன்."

"கம்பத்துக்கு முழுசாப் போய்ச் சேரணும்லப்பா," என்றாள் அக்கா.

அப்பா போனை வாங்கித் தன் மீசையை ஒருமுறை ரசித்தார். பிறகு சக்கரத்தைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்பானரோடு வலது பக்கம் நகர்ந்தார்.

"அப்போ இதையும் கழட்டிருவோம்."

"அதைத் தொடாதீங்கப்பா! இது முதல்ல முடியட்டும், இல்லேன்னா மறுபடி எல்லாம் கலந்துரும்," என்றேன்.

முப்பது வருஷ அனுபவம் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, டார்ச்சை வாங்கிப் பிடித்தது.