சுகிர்தன் அண்ணைக்கு ஓய்வு கொடுக்கும் கதை

1

இந்தக் கதை என் கற்பனையில் உதிக்கவில்லை. ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் எங்கள் பேஸ்போல் குழுவின் உடைமாற்றும் அறையில், முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு சுகிர்தன் அண்ணை போட்ட உத்தரவு இது.

"தம்பி, நான் விளையாட்டை விடுற மாதிரி ஒரு கதை எழுதித் தா. வாசிச்சுப் பாத்திட்டு முடிவெடுக்கிறன். எப்ப விடுறாய் எண்டு கேட்ட ட்ரெய்னருக்கு வாற ஞாயிறு மாட்ச்சுக்கு முன்னம் பதில் சொல்லவேணும்."

அண்ணைக்கு ஐம்பத்து மூன்று வயது. யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் ஆடியவர். இங்கே கிரிக்கெட் அணி கிடைக்காமல் பேஸ்போலுக்கு வந்தார். ஆகக் கடைசி லீக்கில் ஆடும் குழுவிலிருந்து ஒருவர் விலகுவதை யார் கவனிக்கப்போகிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். எழுத்தாளர்களும் அப்படித்தான் விலகுகிறார்கள் என்பது நினைவுக்கு வந்து, வாயை மூடிக்கொண்டேன்.

2

தொடக்கம் ஒன்று: மாலைச் சூரியன் மைதானத்தில் சாய்ந்தபோது அந்த வீரரின் கண்களில்

(கண்களில் என்ன? வியர்வை. விட்டுவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: "படி ஏற ஏலாத மனுசனுக்கு ஓட்டம் என்னத்துக்கு?"

(இது அண்ணையின் மனைவி ரஞ்சினி அக்காவின் வசனம். என்னைவிட நன்றாக எழுதுகிறார். ஆகவே இதையும் நீக்குகிறேன்.)

3

நடந்தது இதுதான். போன ஞாயிறு அண்ணை பந்தை நன்றாகவே அடித்தார். அடித்தவர் மட்டையைப் போட்டுவிட்டு முதல் பேஸுக்கு, நிலத்தில் பதித்த வெள்ளை மெத்தைக்கு, ஓடவேண்டும். அண்ணை மட்டையோடு ஓடினார். பேஸுக்குக் கிட்டப் போனபோது முழங்கால் மடங்கியது. விழுந்தபடியே மட்டையை நீட்டி பேஸைத் தொட்டார். கிரிக்கெட்டில் கோட்டைத் தாண்ட அது போதும். இங்கே உடம்பு படவேண்டும். அவுட்.

எதிரணி சிரித்தது. எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். நானும்தான். அண்ணை நிலத்தில் கிடந்தபடி ஜெர்மன்கார நடுவரைப் பார்த்து, "தொட்டிட்டன்" என்று தமிழில் சொன்னார். அதோடு எல்லோரும் அமைதியானார்கள் என்று எழுத ஆசை. [இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.]

4

முடிவு அ: கடைசி ஆட்டத்தில் பந்து வேலிக்கு அப்பால் பறக்கிறது. எல்லோரும் அண்ணையைத் தோளில் தூக்கி

(யாருடைய தோளில்? அண்ணையின் வயிற்றைப் பார்த்தீர்களா?)

முடிவு ஆ: ட்ரெய்னரின் கையைக் குலுக்கி விடைபெறுகிறார். இதை எழுத எனக்குக் கை வரவில்லை.*

* மறைப்பது அழகில்லை. எனக்கு ஐம்பத்தொன்று. அண்ணை போனால் குழுவில் மூத்தவன் நான்தான். ட்ரெய்னர் அடுத்து என்னைத்தான் கேட்பார்.

5

வரைவை அண்ணையின் வீட்டில் வாசித்துக் காட்டினேன். அடிக்குறிப்பில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்ப உனக்காகத்தான் என்னை ஓட விடுறாய்?"

"ஓம் அண்ணை."

"சரி. நான் விளையாட்டை விடுறன். நீ எழுதுறதை விடு. ரெண்டு பேரும் ஒரே நாளில போவம்."

"ரெண்டும் நல்ல முடிவு," என்றார் குசினியிலிருந்து ரஞ்சினி அக்கா.

"எண்டைக்கு அண்ணை?"

அண்ணை முழங்காலைத் தடவிக்கொண்டு யோசித்தார். "நீ இந்தக் கதையை முடிக்கிற அண்டைக்கு."

6

இன்று ஞாயிறு. ட்ரெய்னருக்கு இன்னும் பதில் போகவில்லை. கீழே அண்ணை காரில் ஹோர்ன் அடிக்கிறார். கதை முடிய ஒரு வசனம்தான் பாக்கி. மனம் இருந்தால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் எங்களிடம் காட்டவேண்டாம். நான் மட்டையை எடுத்துக்கொண்டு கீழே